அகழி சூழ்ந்த வீடுகள்: சில குறிப்புகள்

இங்கிலாந்தின் ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடங்களில் பழஞ்சின்னங்களின் பெயர்களை மட்டும் கோதிக் எழுத்தில் அச்சடிக்கும் வழக்கம் உண்டு. சஃபோக் அல்லது எசெக்ஸ் பகுதித் தாள் ஒன்றை விரித்தால், அந்த முறுக்கிய எழுத்தில் ‘மோட்’ என்ற சொல் வந்துகொண்டே இருக்கும். மோட் என்றால் அகழி. பக்கத்தில் நீலக் கோட்டில் ஒரு சின்னச் சதுரம். சில இடத்தில் மூன்று பக்கம் மட்டும், சில இடத்தில் இரண்டு பக்கம் மட்டும். சுற்றுவட்டாரத்தில் கோட்டையும் இல்லை, கொத்தளமும் இல்லை. ஒரு பண்ணை, நாலு வயல், ஒரு ஒற்றையடிப் பாதை, அவ்வளவுதான். இத்தனை சாதாரண இடத்தில் யார் வந்து, எதற்காக அகழி வெட்டினார்கள்? கோட்டைகளைப் பற்றிப் படிக்கப் போன நான் இந்தச் சதுரங்களில் சிக்கிக்கொண்டேன். இவை அப்போது எழுதி வைத்த குறிப்புகள்.

*

இங்கிலாந்தில் மட்டும் இதுவரை அடையாளம் கண்டவை சுமார் 6,000. பெரும்பாலானவை 1250க்கும் 1350க்கும் இடைப்பட்ட நூறாண்டில் வெட்டப்பட்டவை. நாட்டின் நடுப்பகுதியிலும் கிழக்கிலும் அடர்த்தி மிக அதிகம்.

மேனர் என்பது ஒரு நிலக்கிழாரின் கட்டுப்பாட்டில் இருந்த நிலத்தொகுதி. குடியானவர்கள் அவருக்கு வாரமும் உழைப்பும் கொடுத்தார்கள். சில்லறை வழக்குகளை அவருடைய மன்றமே விசாரித்தது. அந்த ஆளுகைக்கு அலுவலகம், களஞ்சியம், குடியிருப்பு மூன்றுமாக இருந்தது மேனர் வீடு. வீட்டைச் சுற்றி அகழி வெட்டி, அந்த மண்ணையே உள்ளே கொட்டி மேடாக்கினால் நடுவில் ஒரு தீவு. தீவுக்குள் கூடம், சமையல்கட்டு, வழிபாட்டறை, தொழுவம், தானியக் கிடங்கு. வசதி படைத்தவர்கள் இரண்டு தீவு போட்டார்கள்: ஒன்றில் தங்கள் வீடு, மற்றதில் பண்ணைக் கட்டடங்கள்.

எல்லாத் தீவிலும் வீடு இருந்ததாக எண்ணிவிட வேண்டாம். சிலவற்றில் பழத்தோட்டம் மட்டுமே இருந்திருக்கிறது. சில மடாலயப் பண்ணைகளும் பாதிரியார் இல்லங்களும்கூட அகழிக்குள் இருந்தன.

*

கோட்டை கட்ட, அதாவது மதிலுக்கு மேலே பல்பல்லாகக் கைப்பிடிச் சுவர் எழுப்ப, அரசரிடம் உரிமம் கேட்பது அன்றைய வழக்கம். அகழி வெட்ட அப்படி உரிமம் எதுவும் தேவைப்படவில்லை. மண்வெட்டியும் கூலியாட்களும் இருந்தால் போதும். இந்த ஒரு விஷயம் புரிந்தால் 6,000 என்ற எண்ணிக்கை அத்தனை வியப்பாக இருக்காது.

பெரிய பிரபுக்கள் மட்டும் வெட்டியிருந்தால் இவ்வளவு சேர்ந்திருக்காது. வார்விக்‌ஷயரின் ஆர்டன் காட்டுப் பகுதியை ஆராய்ந்த வரலாற்றுப் புவியியலாளர் பிரையன் ராபர்ட்ஸ், அங்கே அகழிகள் 13ஆம் நூற்றாண்டில் காடு திருத்திப் புது நிலம் கண்ட இடங்களை ஒட்டி இருப்பதைக் காட்டினார். வெட்டியவர்களில் பலர் பட்டப்பெயர் எதுவும் இல்லாத, கையில் காசு சேர்ந்த சுதந்திரக் குடியானவர்கள். மேலே இருப்பவனைப் பார்த்துக் கீழே இருப்பவன் செய்ததுதான்.

*

களிமண் இல்லாமல் இந்தக் கதை இல்லை. கிழக்கு ஆங்கிலியாவில் பனியாறுகள் விட்டுப்போன கனத்த களிமண் பரவிக் கிடக்கிறது. அதில் பள்ளம் வெட்டினால் ஆறும் வேண்டாம், ஊற்றும் வேண்டாம்; மழைநீர் தானாகத் தேங்கி நிற்கும், கீழே இறங்காது. சரிவான இடமென்றால் தாழ்ந்த பக்கம் கரை போட்டார்கள். ஓடை பக்கத்தில் இருந்தால் வாய்க்கால் வெட்டித் திருப்பினார்கள்.

அதே களிமண்ணில் வீடு கட்டுவது பெரும்பாடு. குளிர்காலம் முழுக்கத் தரை சொதசொதவென்று இருக்கும். சுற்றிப் பள்ளம் வெட்டி, மண்ணை உள்ளே கொட்டி உயர்த்தினால் வீட்டுத்தரை காயும். ஆக, அகழியின் முதல் வேலை வடிகால். அடுத்தது கால்நடை வெளியே ஓடாமல், மான் தோட்டத்துக்குள் நுழையாமல் தடுப்பது. பிறகு மீன். வெள்ளிக்கிழமையும் தவக்காலமும் இறைச்சி கூடாது என்று திருச்சபை விதித்திருந்த காலம் அது. பைக், பிரீம், டெஞ்ச் போன்ற நன்னீர் மீன் பணக்காரர் பந்திக்கான பண்டம். இன்று இங்கிலாந்தின் குளங்களில் சர்வசாதாரணமாகக் கிடைக்கும் கார்ப் கெண்டை அந்த நாட்டுக்கு வந்ததே 15ஆம் நூற்றாண்டில்தான். தீப்பிடித்தால் அணைக்கவும் அகழித் தண்ணீர். கழிப்பறையும் அகழிப் பக்கச் சுவரில்தான். கழிவு நேராகத் தண்ணீரில் விழும். அந்த மீனையா சாப்பிட்டார்கள் என்று முகம் சுளிக்க வேண்டாம். பல இடங்களில் மீனுக்கென்று தனிக் குளம் இருந்தது.

*

பயமா, பவிசா? இதுதான் இந்தத் துறையில் நெடுநாளாக நடக்கும் வழக்கு.

பவிசுக் கட்சிக்கு நல்ல சாட்சி ஸ்டோக்சே என்ற மாளிகை. வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஷ்ராப்‌ஷயரில் இருக்கிறது. கட்டியவர் லட்லோ ஊர் லாரன்ஸ், நாட்டிலேயே பெரிய கம்பளி வணிகர்களில் ஒருவர். 1291இல் அரச உரிமம் வாங்கினார். பார்வைக்குக் கோபுரம், மதில், அகழி எல்லாம் உண்டு. ஆனால் கூடத்தின் ஜன்னல்கள் ஆளை விட உயரமானவை, அகழிப் பக்கம் பார்த்தபடியே திறந்திருக்கின்றன. படையெடுப்புக்குப் பயந்தவன் அப்படி ஜன்னல் வைப்பானா? லாரன்ஸின் முடிவும் குறித்து வைக்கத் தக்கது. 1294இல், கம்பளிக்கு அரசர் கடும் வரி போட்ட சமயம், கம்பளி ஏற்றிய கப்பல் கூட்டத்தோடு கடலில் போய் மூழ்கி இறந்தார். கம்பளி உற்பத்தியாளர்களுக்குச் செய்த துரோகத்துக்குக் கிடைத்த தண்டனை என்று டன்ஸ்டபிள் மடாலயத்தின் நாளாகமம் எழுதி வைத்தது. வியாபாரி வீழ்ந்தால் ஊர் பேசும் பேச்சு எங்கேயும் ஒரே மாதிரிதான்.

பயத்தின் கட்சியில் வரலாற்றாசிரியர் காலின் பிளாட் இருக்கிறார். 13ஆம் நூற்றாண்டின் இறுதியும் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கமும் இங்கிலாந்தின் நாட்டுப்புறத்துக்கு நிம்மதியான காலம் அல்ல என்பது அவருடைய வாதம். 1315 முதல் 1317 வரை விடாத மழை, பயிர் அழிவு, பெரும் பஞ்சம். லெஸ்டர்‌ஷயரில் ஃபோல்வில் சகோதரர்கள் என்று ஒரு கும்பல். இவர்களும் மேனர் வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளைகளே. 1326இல் அரசவை நிதி மன்ற நீதிபதி ரோஜர் பெல்லர்ஸைக் கொன்றார்கள். 1332இல் ரிச்சர்ட் வில்லோபி என்ற அரசு நீதிபதியைக் கடத்தி 1,300 மார்க் பணயம் வாங்கினார்கள். நீதிபதிக்கே இந்தக் கதி என்றால் களஞ்சியம் நிறைய நெல்லோ, மன்னிக்கவும், கோதுமையும் பார்லியும் வைத்திருந்தவன் தூங்கியிருப்பானா? ஐந்தாறு பேர் இரவில் குதிரையில் வந்தால் தடுக்க ஒரு பத்து மீட்டர் தண்ணீர் போதும். முற்றுகையைத் தாங்க வேண்டியதில்லை.

அயர்லாந்தைச் சேர்த்துப் பார்த்தால் தராசு இன்னும் பயத்தின் பக்கம் சாய்கிறது. அங்கே பல நூறு அகழித் தீவுகள் உண்டு. ஆங்கில-நார்மன் குடியேறிகள் வெக்ஸ்ஃபர்ட், கில்கெனி போன்ற தென்கிழக்கு மாவட்டங்களில் நிறைய வெட்டினார்கள். எல்லைப்புற வாழ்க்கை, எந்த நேரமும் தாக்குதல். அதே அயர்லாந்தில் எதிர்ச்சாட்சியும் இருக்கிறது. ராஸ்காமன் மாவட்டத்தின் க்ளூன்ஃப்ரீயில், கானாட்டின் அரசர் ஏ ஓ கானர் என்ற கேலிக் ஆட்சியாளர் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே பாணியில் வீடு கட்டினார். அவையின் பாணர்கள் அந்த வீட்டைப் பாடி வைத்திருக்கிறார்கள். பாடல் பெறும் அளவுக்குப் பெருமைக்குரியதாக ஒரு சதுரப் பள்ளம் இருந்திருக்கிறது!

எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். மூன்று பக்கம் மட்டும் வெட்டி நாலாவது பக்கத்தைத் திறந்து விட்ட அகழிகள் பல உண்டு. அவற்றைப் பார்த்தால் பாதுகாப்பே முழுக் காரணம் என்று சொல்ல வாய் வராது. அதே சமயம், கணக்குப் பார்க்கும் குடியானவன் இத்தனை கன மீட்டர் களிமண்ணை வெறும் பந்தாவுக்காக வெட்ட மாட்டான். பயமா பவிசா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதில்தான் கோளாறு. ஒரே பள்ளம் வீட்டுத்தரையைக் காயவைத்து, கள்ளனைத் தடுத்து, மீன் கொடுத்து, ஊரார் கண்ணில் ஒரு மதிப்பையும் கொடுத்தால் யார் வேண்டாம் என்பார்?

*

ஓர் இடைக்குறிப்பு. இரண்டாம் எட்வர்ட் அரசருக்குப் பள்ளம் வெட்டுவதும் கூரை வேய்வதும் பிடித்த பொழுதுபோக்கு. அரசனுக்கு இதெல்லாம் அழகா என்று அந்நாளைய வரலாற்றுக் குறிப்பாளர்கள் ஏளனம் செய்தார்கள். யார்க்‌ஷயரின் கோவிக்கில் இருந்த அவருடைய மேனரில் 1323-24இல் அகழி வெட்டிய கணக்கு இருக்கிறது. 1976இல் அதே அகழியில் மீட்பு அகழாய்வு நடந்து, சேற்றில் இருந்த மகரந்தமும் விதைகளும் ஆராயப்பட்டன. வெட்டிய ஆண்டு எழுத்தில் இருக்கும் அகழி அபூர்வம். அதனால் அந்தச் சேற்றுக்கு மதிப்பு அதிகம்.

*

சேறு. இந்தக் குறிப்புகளில் நான் சொல்ல வந்தது முக்கியமாக இதைப் பற்றித்தான்.

அகழியின் அடியில் தேங்கிய வண்டலுக்குள் காற்றுப் போவதில்லை. காற்று இல்லையென்றால் மரத்தையும் தோலையும் தின்னும் நுண்ணுயிர்களுக்கு வேலை இல்லை. தீவின் மேலே இருந்த வீடு தடயமே இல்லாமல் போயிருக்கும்; கீழே சேற்றுக்குள் அந்த வீட்டின் செருப்பு, கடைசல் பிடித்த மரக்கிண்ணம், பாலத்தின் கால்கள் எல்லாம் அப்படியே கிடக்கும். பாலத்து ஓக் மரத்தில் வளையங்களை எண்ணினால் மரம் வெட்டிய ஆண்டையே சொல்லிவிடலாம்.

அகழிச் சேற்றை வெட்டி எடுத்தவுடன் நீலம் கலந்த சாம்பல் நிறம். அழுகிய முட்டை நாற்றம். உள்ளே மடிந்து கிடக்கும் இலை, நூற்றாண்டுகள் கழித்தும், சில வேளை இன்னும் பச்சையாகவே இருக்கும். காற்றுப் பட்டதும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழுப்பாகி, சில நிமிடங்களில் கறுத்துவிடும். அதனால் சேற்றைத் திறந்து வைக்கக் கூடாது. வாளியில் போட்டு மூடி, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கண் உள்ள சல்லடையில் தண்ணீர் விட்டு அலசுவார்கள். மேலே தங்குவது விதைகளும் வண்டுகளின் கெட்டியான சிறகுறைகளும். சாணத்தில் மட்டும் வாழும் வண்டு கிடைத்தால் அந்தப் பக்கம் தொழுவம் இருந்தது. சேமித்த தானியத்தில் வாழும் கூன்வண்டு கிடைத்தால் களஞ்சியம். பழங்கூரையிலும் வைக்கோலிலும் வாழும் இனம் என்றால் கூரை எதனால் வேய்ந்தது என்று ஊகிக்கலாம். அத்தி விதை கிடைத்தால் தெற்கு ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியான உலர்பழம் வாங்கித் தின்னும் அளவுக்கு வீட்டில் வசதி இருந்தது. மகரந்தத்தைக் கொண்டு சுற்றிலும் காடு இருந்ததா, வயல் இருந்ததா என்று சொல்கிறார்கள்.

நிலக்கிழாரின் கணக்கேட்டில் வரவு செலவு இருக்கும். அவர் வீட்டுக் கூரையில் என்ன பூச்சி ஓடியது என்பதைச் சேறுதான் சொல்லும். கணக்கேடு பெரிய மடாலயங்களுக்கும் பிரபுக்களுக்கும்தான் மிஞ்சியிருக்கிறது. ஆர்டன் காட்டில் பள்ளம் வெட்டிய அந்தப் பெயர் தெரியாத குடியானவனுக்கு, சேற்றை விட்டால் வேறு ஆவணமே இல்லை.

பர்மிங்காமின் வீலி கோட்டையும் அகழி சூழ்ந்த மேனர்தான். அங்கே 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் ஏட்ரியன் ஆஸ்வால்ட் நடத்திய அகழாய்வில், ஈர மண்ணுக்குள்ளே 13ஆம் நூற்றாண்டு மரச் சமையல்கட்டு ஒன்றின் சுவர்ப் பலகைகள் கிடைத்தன. மத்தியகால இங்கிலாந்தின் வீடுகள் பெரும்பாலும் மரம், மரம் மக்கிவிடும், எனவே அவை எப்படி இருந்தன என்பதைக் கல்லில் கட்டிய சில பணக்கார வீடுகளை வைத்தே ஊகித்துக்கொண்டிருந்தார்கள். பலகை மேல் பலகை எப்படி அடுக்கினார்கள் என்று கண்ணால் பார்க்கக் கிடைத்த இடங்களில் வீலி ஒன்று.

*

சேற்றிலும் ஒரு சிக்கல் உண்டு. உயிரோடிருந்த வீட்டில் அகழியை அவ்வப்போது தூர் வாருவார்கள். ஆகவே அடியில் மிஞ்சுவது பெரும்பாலும் கடைசியாக வாரியதற்குப் பிறகு சேர்ந்தது, சில இடங்களில் வீட்டைக் கைவிட்ட பிறகு சேர்ந்தது. அதை முதல் உரிமையாளரின் காலம் என்று எண்ணிவிட்டால் ஆய்வு தடம் புரளும்.

இதற்கு ஈடு தீவிலேயே இருக்கிறது. அகழி மண்ணைக் கொட்டி மேடாக்கினார்கள் என்று சொன்னேன் அல்லவா? அந்த மண், அதற்கு முன்பிருந்த தரையைப் போர்த்திக் காப்பாற்றி வைத்திருக்கிறது. பழைய உழவுசால், முந்தைய வீட்டுத் தூண்குழிகள், உடைந்த பானை எல்லாம் அடியில் அப்படியே. லண்டனின் மேற்குப் புறத்து நார்த்தோல்ட்டில் 1950 முதல் பல ஆண்டுகள் ஜான் ஹர்ஸ்ட் நடத்திய அகழாய்வில், அகழி வெட்டிய 14ஆம் நூற்றாண்டுக்கும் மிக முந்தைய சாக்சன் குடியிருப்பின் தடயங்கள் கிடைத்தன. அகழிக்காக வந்தவர்களுக்கு ஐந்தாறு நூற்றாண்டு கூடுதலாகக் கிடைத்தது. தரையில் எஞ்சிய வேறு எந்த வகைப் பழஞ்சின்னமும் இப்படி ஒரே இடத்தில் ஈரக் களஞ்சியம் ஒன்றும் மூடிவைத்த தரை ஒன்றும் சேர்த்துத் தருவது அரிது. அழகான மாளிகைகளைப் படம் பிடித்துப் புத்தகம் போடுகிறவர்கள் இந்தப் பக்கமே வருவதில்லை.

*

ஆக்டன் கோர்ட், க்ளாஸ்டர்‌ஷயர். 1535 கோடையில் எட்டாம் ஹென்றியும் ஆன் போலினும் மேற்கில் பயணம் செய்தபோது தங்கிய வீடு. அரசர் வருகிறார் என்றதும் உரிமையாளர் நிக்கலஸ் பாய்ன்ட்ஸ் செய்த காரியம், அகழியின் ஒரு பக்கத்தைத் தூர்த்து, அதன் மேலேயே புத்தம்புதிதாக ஒரு கிழக்குக் கட்டடத்தை ஒன்பது மாதத்துக்குள் எழுப்பியது. ஒரு விருந்தாளிக்காக மாளிகையின் பக்கத்தையே மாற்றிய மனிதர்.

தொல்லியலாளருக்கு இது வாராது வந்த மாமணி. தூர்த்த அகழிக்குள் கிடப்பதெல்லாம் 1535க்கு முந்தியவை என்று உறுதியாகச் சொல்லலாம். ஆண்டு இவ்வளவு துல்லியமாகத் தெரியும் மண்ணடுக்கு எளிதில் அமைவதில்லை. அதே இடத்தில் வெனிஸ் கண்ணாடி, ஸ்பெயின் மட்பாண்டம், அரசவைக் கடிகாரக் கலைஞர் நிக்கலஸ் கிராட்சர் 1520இல் செய்த பல முகம் கொண்ட சூரியக் கடிகாரம் எல்லாம் கிடைத்தன. பாய்ன்ட்ஸ் குடும்பம் 1680இல் அற்றுப்போய், வீடு சுருங்கிப் பண்ணை வீடாகி, யாரும் காசு செலவழித்து மாற்றிக் கட்டாததால் அந்தக் கிழக்குக் கட்டடம் தப்பியது. அலட்சியமும் சில சமயம் காவல்காரன்தான்.

*

பேட்ஸ்லி கிளிண்டன், வார்விக்‌ஷயர். 1591 அக்டோபர். கத்தோலிக்கக் குருமார்கள் நாட்டில் இருப்பதே குற்றமாக இருந்த காலம். ஹென்றி கார்னட், ஜான் ஜெரார்ட் முதலான இயேசு சபையினர் இங்கே கூடியிருந்தபோது விடிகாலையில் சோதனைக்காரர்கள் வந்துவிட்டார்கள். அகழிக்குக் கழிவு போன பழைய சாக்கடைச் சுரங்கத்தை, அவர்களுடைய உதவியாளர் நிக்கலஸ் ஓவன் மறைவிடமாக மாற்றி வைத்திருந்தார். அதற்குள் இறங்கி, கணுக்காலுக்குத் தண்ணீர் நிற்க, நாலு மணி நேரம் நின்றார்கள். யாரும் பிடிபடவில்லை. ஓவன் 1606இல் லண்டன் டவரில் சித்திரவதையில் இறந்தார். 1970இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. கள்ளனைத் தடுக்க வெட்டிய அகழி இந்த முறை அரசாங்கத்தையே ஏமாற்றியது.

*

ஆக்ஸ்பரோ ஹால், நார்ஃபோக். 1482இல் நான்காம் எட்வர்டிடம் உரிமம் வாங்கிப் பெடிங்ஃபீல்ட் குடும்பம் கட்டிய செங்கல் மாளிகை. சுற்றிலும் இன்றைக்கும் தண்ணீர். 2020இல் கூரை பழுதுபார்ப்பதற்காகப் பரணின் தரைப்பலகைகளைப் பெயர்த்தபோது, ஊரடங்குக் காலத்தில் ஒரு தொல்லியலாளர் தனி ஆளாக உட்கார்ந்து, விரல்நுனியால் குப்பையைத் தடவித் தேடினார். இரண்டு எலிக்கூடுகள். எலிகள் மெத்தைக்காக இழுத்து வந்து சேர்த்தவற்றில் 16ஆம் நூற்றாண்டு முதலான துணித் துண்டுகள் இருநூறுக்கு மேல். வேறோரிடத்தில், விவிலியச் சங்கீதங்களின் 15ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதியின் ஒரு தாள், பொன்னும் நீலமும் மங்காமல்.

பலகைக்கு அடியில் இருந்த சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டதால் அவை தப்பின. பரணில் காய்ந்து இருந்ததால் துணி பிழைத்தது. அகழியில் எப்போதும் நனைந்து இருந்தால் தோல் பிழைக்கும். நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து என்று மாறி மாறி வந்தால் எதுவும் மிஞ்சாது.

*

மீண்டும் 14ஆம் நூற்றாண்டுக்கு. 1348-49இல் கொள்ளைநோய். மக்கள்தொகையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் போனது. ஆள் கிடைக்கவில்லை, கூலி ஏறியது, நிலக்கிழார்கள் நேரடி விவசாயத்தை விட்டுக் குத்தகைக்கு மாறினார்கள். புது அகழி வெட்டுவது அநேகமாக நின்றது. பல தீவுகள் ஆள் நடமாட்டம் இல்லாமல் போயின.

*

அகழி ஆய்வுக்கும் ஒரு வரலாறு உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாவட்ட வரலாற்றுத் தொகுதிகள் அகழித் தலங்களை ஒரு தனி வகையாகப் பட்டியலிட்டன. அதற்கு மேல் யாரும் பொருட்படுத்தவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அரசு மானியத்தோடு வயல்களைச் சமன்படுத்தும் வேலை மும்முரமானது. கண்ணெதிரே அகழிகள் தூர்ந்து போவதைக் கண்டுதான் 1970களின் தொடக்கத்தில் அகழித் தலங்களுக்கென்றே ஓர் ஆய்வுக்குழு பிறந்தது. 1973இல் ஜீன் லெ பட்டூரெல் யார்க்‌ஷயர் அகழிகளைப் பற்றி எழுதிய நூல் வந்தது. 1986இல் அந்தக் குழு, கைவிடப்பட்ட கிராமங்களை ஆராய்ந்த குழுவோடு இணைந்தது. வீட்டையும் ஊரையும் தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் புரியாது என்பதால் அந்த இணைப்பு சரியானது.

அகழிகளைத் தூர்ப்பது போருக்குப் பிறகு தொடங்கியதும் அல்ல. லண்டன் ஆயர்களின் ஃபுல்ஹாம் அரண்மனையைச் சுற்றி இருந்த அகழி, நாட்டிலேயே மிக நீளமான வீட்டு அகழி என்று பெயர் வாங்கியது. சுற்றளவு ஒன்றரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 1921 முதல் 1924 வரை குப்பை கொட்டித் தூர்த்தார்கள். பின்னாளில் ஒரு சிறு பகுதியைத் திரும்பத் தோண்டிக் காட்டியிருக்கிறார்கள்.

*

இப்போதைய ஆபத்து வேறு விதம். நிலத்தடி நீர் இறங்கினால் சேறு காயும். காய்ந்தால் காற்றுப் போகும். காற்றுப் போனால் எழுநூறு ஆண்டு காத்த மரம் சில பத்தாண்டுகளில் பொடியாகும். மேலே புல் அப்படியே இருப்பதால் யாருக்கும் தெரியாது.

இன்னொன்று நல்லெண்ணத்தால் வரும் ஆபத்து. நம் ஊரில் குளத்தைத் தூர் வாருவது புண்ணியம். அங்கேயும் வீட்டுக்காரர் அகழியில் இலைதழை அடைத்துவிட்டது என்று இயந்திரம் கொண்டு வந்து அள்ளிப் போட்டால், அரை நாளில் ஓர் ஆவணக் காப்பகமே வயலில் கொட்டப்பட்டுவிடும். 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பாதுகாக்கப்பட்ட இடம் என்றால் அனுமதி இல்லாமல் தொட முடியாது. ஆனால் 6,000த்தில் எல்லாமும் அந்தப் பட்டியலில் இல்லை.

நல்ல செய்தியும் இல்லாமல் இல்லை. விமானத்திலிருந்து லேசர் கதிர் பாய்ச்சித் தரையின் மேடுபள்ளத்தை அளக்கும் லைடார் தரவுகளை இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2015 முதல் இலவசமாக வெளியிடுகிறது. காட்டுக்குள் மறைந்த அகழியும், உழுது உழுது ஒரு சாண் பள்ளமாகத் தேய்ந்த அகழியும் திரையில் நிழலாகத் தெரிகின்றன. தொழில்முறை ஆய்வாளர் அல்லாத உள்ளூர்க்காரர்கள்கூட வீட்டில் உட்கார்ந்து தேடலாம்.

அதிவேக ரயில் பாதைக்காக வார்விக்‌ஷயரின் கோல்ஸ்ஹில்லில் தோண்டியபோது, அகழி சூழ்ந்த பழைய மேனரின் நுழைவாயில் மாடத்தின் அடிப்பகுதி வெளிப்பட்டது. கற்சுவரில் துப்பாக்கிக் குண்டு பட்ட தழும்புகள் சுமார் இருநூறு. 1642 உள்நாட்டுப் போரின் தொடக்க மோதல்களில் ஒன்றாக இருக்கலாம் என்கிறார்கள். பயமா பவிசா என்று வாதாடுகிறவர்கள் இந்தச் சுவரையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

*

இங்கிலாந்து போகிறவர்களுக்கு. எல்லோரும் கென்ட்டின் ஐட்டம் மோட்டைப் பார்க்கச் சொல்வார்கள். பாருங்கள், அழகு. 14ஆம் நூற்றாண்டில் தொடங்கிய வீடு, 1985இல் நேஷனல் டிரஸ்டுக்கு வந்தது, 1989 முதல் 2004 வரை ஒரு கோடி பவுண்டுக்கு மேல் செலவழித்துப் பிரித்துக் கோத்தார்கள். முற்றத்தில் இருக்கும் நாய்க்கூண்டுக்குக்கூட முதல் தரப் பாதுகாப்புச் சின்னம் என்ற தகுதி உண்டு. செயின்ட் பெர்னார்ட் நாய் ஒன்றுக்காகக் கட்டியது.

ஆனால் ஓர் அகழி வீட்டின் அமைப்பு மனதில் பதிய வேண்டுமானால் கார்ன்வாலின் பென்ஹாலத்துக்குப் போங்கள். கார்டினம் குடும்பத்தின் வீடு அது. ஏறத்தாழ 1180 முதல் 1300 வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி, 14ஆம் நூற்றாண்டின் நடுவில் கைவிட்டார்கள். பிறகு யாரும் அதன் மேல் எதுவும் கட்டவில்லை. 1968 முதல் 1973 வரை கை பெரஸ்ஃபோர்ட் அகழாய்வு செய்தபோது முழுத் தரைப்படமும் ஓர் அறை விடாமல் கிடைத்தது. பாலம் இருந்த இடம், கூடம், வழிபாட்டறை, சமையல்கட்டு, ரொட்டி சுடும் அறை, மது வடிக்கும் அறை என்று வரிசையாக நடந்து பார்க்கலாம். சுவர்கள் முழங்கால் உயரம்தான், மேலே புல். மரங்களுக்கு நடுவே கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். கட்டணம் கிடையாது, வழிகாட்டி கிடையாது, கடை கிடையாது. மழைக்குப் பிறகு போனால் முழங்கால் வரை வரும் பூட்ஸ் கட்டாயம் வேண்டும்.